ஒரு தேக்கரண்டிக்கு ஒரு சொட்டு: நறுமணத் தைலம் புதிதாகப் பழகுபவர்களுக்கு

சாயங்காலம் ஆறரைக்கு ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினால், நான் வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசியில் கழுத்தும் தோள்பட்டையும் கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். என் கைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரு கைக்குட்டை, அதில் காலையில் விட்ட ஒரு சொட்டு லாவெண்டர் தைலம். பஸ் சூளகிரி தாண்டியதும் டப்பாவைத் திறந்து கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு நிதானமாகப் பத்து மூச்சு விடுவேன். அவ்வளவுதான் விஷயம். நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். இப்போதெல்லாம் டப்பாவின் மூடியைத் திறக்கும்போதே தோள் தானாகத் தளர்ந்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்தைப் பார்த்துவிட்டு ஆபீசிலும் சொந்தத்திலும் நிறைய பேர் கேட்கிறார்கள். எதை வாங்குவது, எப்படிப் பூசுவது, குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பட்ட காயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

எந்தத் தைலத்தைப் பற்றிப் பேசுகிறோம்

நம் பக்கம் தைலம் என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சொல்கிறோம். முதலாவது, சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் தைலம். நல்லெண்ணெயில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சி இறக்கியது. மூட்டில், முதுகில் தாராளமாகத் தேய்க்கிறோம். இரண்டாவது, தலைவலிக்கும் சளிக்கும் தடவுகிற கோடாலித் தைலமும் பாம் வகைகளும். இவை மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் போன்ற பல சரக்குகளை அளவாகச் சேர்த்துச் செய்த கலவை. மூன்றாவது, ஒரே செடியிலிருந்து பிரித்தெடுத்த சுத்த வாசனைச் சத்து. கடையில் ‘எசென்ஷியல் ஆயில்’ என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான். நான் நறுமணத் தைலம் என்று எழுதுவதும் இதைத்தான்.

முதல் இரண்டைப் பூசிய கையோடு மூன்றாவதையும் அப்படியே பூசினால் வம்பு. காரணம், அதன் வீரியம். யூகலிப்டஸ் தைலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை மூட்டையாக இலையைப் பெரிய கொப்பரையில் அடைத்து, அடியிலிருந்து நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவி இலைக்குள் இருக்கும் வாசனையை இழுத்துக்கொண்டு மேலே வரும். அதைக் குளிர்ந்த குழாய் வழியாக விட்டால் தண்ணீராக இறங்கும். தண்ணீருக்கு மேல் எண்ணெய் மிதக்கும். அந்த மிதப்பதுதான் தைலம். ரோஜாவில் இப்படி ஒரு கிலோ தைலம் எடுக்க 3,500 முதல் 4,000 கிலோ வரை இதழ் வேண்டும். மூடியைத் திறந்து ஒரு சொட்டு விடும்போது எத்தனை பூவின் சத்து கையில் விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரோஜா என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் இவ்வளவு ரோஜா விளைகிறதே, வீட்டிலேயே தைலம் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த ரகங்கள் பூங்கொத்துக்காகவும், பல நாள் வாடாமல் இருப்பதற்காகவும் வளர்க்கப்பட்டவை. வாசனை மிகக் குறைவு, பூச்சிமருந்து அதிகம். தைலத்துக்கான ரோஜா வேறு ரகம். மல்லிகையும் அப்படித்தான். ஆவியின் சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும் என்பதால் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். அதனால்தான் அசல் மல்லிகைச் சத்துக்கு அந்த விலை. குண்டுமல்லி மணம் பிடித்தவர்கள் ராயக்கோட்டையிலோ தருமபுரியிலோ ஒரு முழம் பூ வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மொட்டு விரியும்போது வரும் மணத்தை எந்த பாட்டிலும் தராது.

வாங்கும்போது

ஒரே ஒரு பாட்டில் வாங்குங்கள். பன்னிரண்டு பாட்டில் அடுக்கிய பெட்டி சலுகை விலையில் கண்ணில் படும். புதியவர்களுக்கு அது தேவையே இல்லை. பாதி பாட்டிலைத் திறப்பதற்குள் பழசாகிவிடும்.

மனசு ஆற வேண்டும், தூக்கம் வர வேண்டும் என்பது நோக்கம் என்றால் லாவெண்டரில் தொடங்கலாம். இதைப் பற்றித்தான் ஆராய்ச்சி ஓரளவு நடந்திருக்கிறது. மோந்தால் பதற்றம் கொஞ்சம் தணிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பெரிய அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் அந்தக் கொஞ்சமே பல நாள் போதுமானதாக இருக்கிறது. பிரான்சிலும் பல்கேரியாவிலும் விளைகிற செடி இது. இப்போது ஜம்மு பக்கம் தோடா மாவட்டத்திலும் விளைவிக்கிறார்கள். லேபிளில் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

லாவெண்டர் மணம் எல்லாருக்கும் ஒத்துவராது. என் அத்தைக்கு அது சோப்பு நாற்றம். அவருக்கு வெட்டிவேர்தான் பிடிக்கும். கோடையில் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்து வளர்ந்தவர், அந்த மண்வாசம் அவருக்குப் பிறந்த வீட்டு வாசம். வெட்டிவேர்த் தைலம் கெட்டியாக, தேன் மாதிரி மெதுவாகத்தான் சொட்டும். மூக்குக்குப் பிடித்த மணம்தான் மனசுக்கும் இதம் தரும். ஆகவே கடையில் மோந்து பார்த்து முடிவு செய்யுங்கள், அடுத்தவர் சொன்னார் என்று வாங்காதீர்கள். சளி, மூக்கடைப்பு அடிக்கடி வருபவர்கள் யூகலிப்டஸ் வைத்துக்கொள்ளலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகும்போது தைலமரத் தோப்பில் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்திருப்பீர்கள். அதே மணம், பல மடங்கு காரமாக.

லேபிளில் செடியின் தாவரப் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எந்த நாடு, பேட்ச் எண், தயாரித்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’ என்று போட்டிருந்தால் அது செயற்கை வாசனை, நமக்கு வேண்டாம். ‘தெரபியூடிக் கிரேடு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்கு மயங்க வேண்டாம். அப்படி ஒரு தரச் சான்றை எந்த அரசும் வழங்குவதில்லை, விற்பவர்களே வைத்துக்கொண்ட பெயர். பாட்டில் அடர் பழுப்பு நிறக் கண்ணாடியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் அடைத்ததை வாங்காதீர்கள். ஆரஞ்சுத் தைலத்தில் ஒரு சொட்டை தெர்மாகோல் துண்டில் விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே கரைந்து ஓட்டை விழும். அப்படிப்பட்ட சரக்கைச் சாதாரண பிளாஸ்டிக்கில் மாதக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலையும் ஒரு சாட்சிதான். யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் தைலங்கள் மலிவாகவே கிடைக்கும், அது இயல்பு. ஆனால் சந்தனத் தைலமோ ரோஜாத் தைலமோ 10 மில்லி நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்க வழியே இல்லை. ஒரு கண்காட்சிக் கடையில் 120 ரூபாய்க்கு ‘சுத்தமான ரோஜாத் தைலம்’ வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்தேன். பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை அப்படியே நின்றது. லாவெண்டர், யூகலிப்டஸ் போன்ற லேசான தைலம் சுத்தமாக இருந்தால் கறையில்லாமல் ஆவியாகிவிடும். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். வெட்டிவேர், சந்தனம் போன்ற கெட்டியான தைலங்களுக்கு மட்டும் இந்தச் சோதனை சரிவராது. அவை இயல்பாகவே கறை விடும்.

கலக்கும் எண்ணெயும் அளவும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தோலில் படுவது எதுவானாலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு ஒரு சொட்டுத் தைலம்.

கணக்கு சுலபம். தேக்கரண்டி என்பது 5 மில்லி. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு, ஆக 5 மில்லிக்கு 100 சொட்டு. நூற்றில் ஒன்று, அதாவது ஒரு சதவீதம். புதியவர்களுக்கு, தினசரிப் பழக்கத்துக்கு, இந்த அளவு போதும். 30 மில்லி பாட்டிலில் கலந்து வைப்பதானால் 6 சொட்டு. முகத்துக்கு இதிலும் பாதி. சொட்டைக் கூட்டினால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும்.

எந்த எண்ணெயில் கலப்பது? வீட்டில் இருப்பதே போதும். தேங்காய் எண்ணெய் நன்றாகச் சேரும், ஆனால் மார்கழியில் ஓசூர்க் குளிருக்கு உறைந்துபோகும். உருட்டிப் பூசும் சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் காலையில் குண்டு நகராது. செக்கு நல்லெண்ணெய் உடம்புக்கு இதம். ஆனால் அதற்கே அழுத்தமான வாசம் இருப்பதால் லாவெண்டர் அதில் அமுங்கிவிடும். வெட்டிவேரும் யூகலிப்டஸும் நல்லெண்ணெயில் தலைகாட்டும். வாசமே இல்லாத எண்ணெய் வேண்டும் என்றால் சமையலறையில் இருக்கும் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயே போதும், அது உறையவும் உறையாது. பாதாம் எண்ணெய் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை.

தண்ணீரில் கலக்கலாமே என்று தோன்றும். தைலம் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். வாளி வெந்நீரில் நாலு சொட்டு விட்டு மொண்டு ஊற்றினால் மிதக்கிற தைலம் அப்படியே தோலில் ஒட்டிக்கொள்ளும். தொடை இடுக்கு, அக்குள், கண் எங்கே பட்டாலும் எரியும். வாளிக் குளியலுக்கு நான் செய்வது வேறு. குளியலறையில் கால் படாத மூலையில் தரையில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் விட்டு, அதன்மேல் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றுவேன். அறை முழுக்க மணம் எழும். குளித்து முடித்ததும் அந்த மூலையைக் கழுவிவிட வேண்டும், வழுக்கக் கூடாது.

இனி என் கழுத்தில் பட்ட காயம். தொடங்கிய முதல் மாதம் எலுமிச்சைப்புல் தைலம் வாங்கினேன். மணம் அவ்வளவு பிடித்துப்போனது. ஒரு காலை அவசரத்தில், சென்ட் பூசுவது போலக் கழுத்தின் இரு பக்கமும் நேராகத் தொட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். குருபரப்பள்ளி வருவதற்குள் எரிச்சல். மத்தியானம் கண்ணாடியில் பார்த்தால் விரல் பட்ட இடம் விரல் அளவிலேயே சிவந்து தடித்திருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ எரிச்சல் கூடியது. அந்தத் தழும்பு மங்க மூன்று வாரம் ஆனது. அந்த வார இறுதியில் நாட்டு மருந்துக் கடைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது சாறு இல்லம்மா, சத்து. எண்ணெயில கலக்காம உடம்புல வைக்கக் கூடாது. பட்டுட்டா முதல்ல தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைச்சு எடு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவு” என்றார். எண்ணெயை எண்ணெய்தான் கரைத்து இழுக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே எந்தப் புதுத் தைலத்தையும் முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு ஒரு சொட்டுக் கலவையை முழங்கையின் உட்பக்க மடிப்பில் ஒரு பொட்டு அளவு தடவி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்றால் பயன்படுத்தலாம். எலுமிச்சைப்புல், பட்டை, கிராம்பு ஆகிய மூன்றும் தோலை அதிகம் உறுத்துபவை. தொடக்கத்தில் அவற்றை மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலுமிச்சை, அதே இனத்துப் பழமான பெர்கமாட் போன்றவற்றின் தோலைப் பிழிந்து எடுத்த தைலங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. அவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் பூசிய இடம் வெந்து கருத்துவிடும். 12 மணி நேரமாவது அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. மாந்தோப்பிலும் தக்காளித் தோட்டத்திலும் நாள் முழுக்க நிற்பவர்கள் இந்த வகைப் பக்கமே போக வேண்டாம்.

மூச்சிலிருந்து தொடங்குங்கள்

முதல் வாரம் தோலுக்குப் போகாமல் மூக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கைக்குட்டையில் ஒரு சொட்டு. ஒரு நிமிடம் ஆற விடுங்கள். மூக்கில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். பத்து முறை. விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சுப் படபடப்பு தணியும். இது தைலம் இல்லாமலும் நடக்கிற விஷயம்தான்.

பிறகு தைலம் எதற்கு என்றால், மணத்துக்கு மூளையில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் பல இடம் சுற்றித்தான் போகும். வாசனையோ நேராக உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கிற பகுதிக்குப் போய்விடுகிறது. சாம்பிராணிப் புகை வந்ததும் ஆயா வீட்டு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வருவது அதனால்தான். தினமும் ஒரே மணத்தோடு ஒரே நேரத்தில் ஓய்வெடுத்தால், சில வாரத்தில் அந்த மணமே ஓய்வுக்கு அழைப்பாகிவிடும். என் எவர்சில்வர் டப்பாவில் நடப்பது இதுதான். அதனால் ஓய்வுக்கு என்று வைத்த மணத்தை வேலை நேரத்தில் திறக்காதீர்கள். ஆபீஸ் மேஜையில் நாள் முழுக்க லாவெண்டர் மோந்தால் ராத்திரிக்கு அதில் எதுவும் மிச்சம் இருக்காது.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பிகள், தங்கைகளுக்கு இது ரொம்பவே கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுக்கும்போது வெளியே வெளிச்சம், சத்தம், எதுவும் தூங்கச் சொல்லாது. ஜன்னலை மூடி, தலையணை உறையின் ஓரத்தில், முகம் படாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் படுத்துப் பழகுங்கள். நேரம் மாறினாலும் மணம் மாறாமல் இருக்கும்.

தைலம் விட்ட தண்ணீரைப் பனிப்புகை மாதிரி அறையில் பரப்பும் மின்சார டிஃப்யூசர் வாங்குவது அவரவர் விருப்பம். வாங்கினால் 100 மில்லி தண்ணீருக்கு மூன்று நான்கு சொட்டு, அரை மணி நேரம், கதவையோ ஜன்னலையோ கொஞ்சம் திறந்துவைத்து. ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் தலைவலிதான் மிச்சம். கொசு மருந்து மெஷினின் காலி பாட்டிலில் கற்பூரத்தையும் தைலத்தையும் கலந்து ஊற்றி ஓட்டுவது இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தச் சூட்டுக்கும் இந்தச் சரக்குக்கும் ஒத்துவராது. மூடிய அறையில் கற்பூர ஆவியை ராத்திரி முழுக்கக் குழந்தை சுவாசிப்பது ஆபத்து. தைலம் தீப்பற்றும் பொருள் என்பதால் விளக்கிலும் அடுப்பு அருகிலும் விடக் கூடாது.

பாதம்

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்ப்பவர்களை உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? அப்பா வருடத்துக்கு ஒருமுறை அங்கே போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் குளிப்பார். நான் பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தேய்ப்பவர் எண்ணெயை உடம்பில் ஊற்றமாட்டார். குழித்த உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு கையையும் சூடேறும்வரை உரசுவார். பிறகு குதிகாலை ஒரு கையில் ஏந்தி, மற்றக் கையின் கட்டைவிரலைப் பாதத்தின் நடுவில் அழுத்தி, அவசரமே இல்லாமல் விரல் நுனிவரை இழுத்துக்கொண்டு போவார். திரும்ப அதே கோட்டில் குதிகாலுக்கு. ஒவ்வொரு விரலையும் தனியாகப் பிடித்துச் சுழற்றி மெல்ல இழுப்பார். அப்பா அப்போதே பாதி தூங்கியிருப்பார்.

அதைத்தான் வீட்டில் செய்கிறேன். ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு சொட்டு லாவெண்டர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை மடியில் வைத்து, உள்ளங்கையில் எண்ணெயைச் சூடாக்கி, குதிகாலிலிருந்து விரல்வரை பத்து முறை. அடுத்த கால். ஐந்து ஐந்து நிமிடம், மொத்தம் பத்து நிமிடம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முடிந்ததும் காலைத் துடைத்துவிட்டு நடங்கள், டைல்ஸ் தரை வழுக்கும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்கள் பாதத்துக்குச் செய்து பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு அழுத்தாமல் லேசாக, புண் இருந்தால் வேண்டவே வேண்டாம். என் அத்தைக்கு வாரம் இரண்டு முறை செய்கிறேன். அவர் பேசாத கதையெல்லாம் அப்போதுதான் பேசுகிறார்.

எண்ணெய்க் குளியல் பழக்கம் இருக்கும் வீடுகளில் இதைச் சேர்த்துக்கொள்வது இன்னும் சுலபம். செவ்வாய், வெள்ளி பெண்களுக்கும் புதன், சனி ஆண்களுக்கும் என்று நம் வீடுகளில் வைத்திருக்கும் கணக்கு அப்படியே இருக்கட்டும். 30 மில்லி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு 6 சொட்டு வெட்டிவேர்த் தைலம் விடுங்கள். சூடு இருக்கும்போது விட்டால் மணம் ஆவியாகப் போய்விடும். உடம்புக்கு மட்டும் இந்தக் கலவை, தலைக்குச் சாதா நல்லெண்ணெய். கண்ணுக்கு வழிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் நான் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

மூக்கடைப்புக்கு வேது பிடிப்பதானால், அகலமான பாத்திரத்தில் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, மேஜைமேல் ஆடாமல் வைத்து, ஒரே ஒரு சொட்டு யூகலிப்டஸ். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண் எரியும். ஐந்து நிமிடம் போதும். நொச்சி இலை கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் தைலமே தேவையில்லை, ஒரு கைப்பிடி இலை போதும். குழந்தைகளைப் பாத்திரம் பக்கம் அண்டவிடாதீர்கள்.

யாருக்கு ஆகாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். நறுமணத் தைலம் எதையும் குடிக்கக் கூடாது. தேனில் ஒரு சொட்டு, வெந்நீரில் ஒரு சொட்டு என்று யார் சொன்னாலும் வேண்டாம். யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தை ஒரு தேக்கரண்டி அளவு, சில சமயம் அதைவிடக் குறைவாக, விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் வரலாம். பாட்டிலைப் பூட்டிய அலமாரியில், எட்டாத உயரத்தில் வையுங்கள். சாமி அலமாரியும் டிவி மேஜையும் அதற்கான இடமில்லை. மீறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள், பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

கைக்குழந்தைக்குச் சளி என்றால் மூக்கில், நெஞ்சில் யூகலிப்டஸோ புதினாத் தைலமோ தடவும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் சின்னக் குழந்தைக்கு அதன் காரத்தில் மூச்சுத் திணறல் வரும். பத்து வயதுக்குக் கீழே முகத்தருகே இவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மணமே இழுப்பைத் தூண்டலாம். அவர்கள் இருக்கும் அறையில் டிஃப்யூசர் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வின்டர்கிரீன் சேர்ந்த வலித் தைலங்களைப் பூசும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், அதில் இருப்பது ஆஸ்பிரின் வகைச் சரக்கு. பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ தைலத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், பூனைக்கு அது விஷம். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது என்றால் அது கைக்குட்டையில் தீர்கிற விஷயம் இல்லை. ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். நேரில் போக வேண்டும் என்றால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று தள்ளிப்போடாதீர்கள். தைலத்தை நம்பி நான் சில மாதம் தள்ளிப்போட்டேன், அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பாட்டிலைப் பாதுகாப்பது

தைலத்துக்கு வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் ஆகாது. தருமபுரி சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் ஒரு மத்தியானம் கிடந்தால் போதும், கெடத் தொடங்கிவிடும். மூடியை இறுக்கி, இருட்டான அலமாரியில் வையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகை திறந்து ஒரு வருடம், லாவெண்டர் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய தைலம் வீணாகாமல் இருக்கட்டும் என்று தோலில் பூசாதீர்கள். காற்றுப்பட்டுப் பழசான தைலம்தான் ஒவ்வாமையை அதிகம் கிளப்பும். மணம் மாறி, புளித்த வாசம் அடித்தால் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

சரி, இன்றைக்கே தொடங்குவதானால் இப்படிச் செய்யுங்கள். பிடித்த மணத்தில் ஒரே பாட்டில். முதல் நாள் தாளில் சோதனை, முழங்கை மடிப்பில் சோதனை. அடுத்த ஆறு நாள் கைக்குட்டையும் பத்து மூச்சும் மட்டும், தினமும் ஒரே நேரத்தில். இரண்டாவது வாரம் பாதத்துக்குப் போகலாம். இரண்டாவது பாட்டிலுக்கு அவசரம் இல்லை. 10 மில்லியில் சுமார் 200 சொட்டு இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்றால் ஆறு மாதத்துக்கு மேல் வரும். மூடியைத் திறக்கிற அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியை எழுதி பாட்டிலின் அடியில் ஒட்டிவிடுங்கள். பக்கவாட்டில் ஒட்டினால் எண்ணெய் வழிந்து எழுத்து அழிந்துவிடும்.